நடு ஆற்றில் நின்ற பரிசல்

ஜீவானந்தத்துக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. பாதி ஆயுளை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கழித்தவர். திருச்செங்கோட்டு ஆட்கள் பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடாத மாநிலம் இந்த நாட்டில் கிடையாது. அவரும் சத்தீஸ்கர், மராட்டியம் என்று போகாத இடமில்லை. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் காட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் வண்டி நின்ற பிறகும் எல்லோரும் வாயை மட்டும் அசைப்பது போல அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. காது மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார். அது பேச்சையும் இரைச்சலையும் ஒன்றாகக் கலக்கி உள்ளே கொட்டியது. கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

இப்போது ஊருக்குள்ளேயே ஒரு பட்டறையில் வேலை. பாறையைக் குடைந்து மழுங்கிவரும் பிட்டுகளுக்குச் சாணை பிடித்துத் தர வேண்டும். அந்த வேலைக்குக் காது தேவையில்லை.

காது கேட்காத ஆளை யாரும் கொடுமைப்படுத்துவதில்லை. அவரிடம் பேசுவதைச் சுருக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மனைவி சாரதாமணி தறிப்பட்டறைக்குப் போய் வந்து களைத்துப் போயிருப்பாள். “சோறு”, “மாத்திரை”, “கரண்டு பில்லு” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வாள். நாலு பேர் கூடிச் சிரிக்கும் இடத்தில் என்னவென்று கேட்டால் “ஒண்ணுமில்லீங்க” என்பார்கள். ஒன்றுமில்லாததற்கா அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்? இந்த “ஒண்ணுமில்லீங்க” அவரை நோகடித்த மாதிரி வேறெதுவும் நோகடித்ததில்லை.

தப்பித்துக்கொள்ள அவரும் ஒரு வழி வைத்திருந்தார். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டிச் சிரித்துவிடுவது. அந்த வழியும் பரமத்தி வேலூர்க் கல்யாணப் பந்தி ஒன்றில் அடைபட்டுப் போனது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பங்காளி சென்னியப்பன் குனிந்து ஏதோ சொன்னார். ஜீவானந்தம் வழக்கம்போல முகமெல்லாம் மலர, “ரொம்ப சந்தோசமுங்க” என்றார். வரிசையில் இருந்தவர்கள் கை அப்படியே நின்றது. தன் அக்கா வீட்டுக்காரர் காலமாகிவிட்டதைத்தான் சென்னியப்பன் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஜீவானந்தம் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. மொய்ப்பணத்தைச் சாரதாமணியிடம் கொடுத்தனுப்பிவிடுவார்.

மகள் சுகன்யா கல்யாணமாகி ஓசூருக்குப் போவதற்கு முன்பு ஒரு நல்ல காரியம் செய்தாள். தான் கல்லூரிக் காலத்தில் விளையாடிக்கொண்டிருந்த கதைக் குழு ஒன்றில், தன் இடத்தில் அப்பாவைச் சேர்த்துவிட்டாள். குழுவின் பெயர் ஆற்றங்கரைச் சத்திரம். எல்லாம் செல்போனில் எழுதுவதுதான். ராஜாக்கள் காலத்துச் சத்திரம் ஒன்று, பக்கத்தில் ஓர் ஆறு. ஆளுக்கொரு வேடம். ஒருத்தர் எழுதி நிறுத்தினால் அடுத்தவர் தன் வேடம் என்ன செய்தது, என்ன பேசியது என்று தொடர்ந்து எழுத வேண்டும். கதை அப்படியே வளர்ந்துகொண்டு போகும். அவரவர் வேடத்தை அவரவர்தான் எழுத வேண்டும், இன்னொருத்தர் ஆளை நாம் அழவைக்கவோ சிரிக்கவைக்கவோ கூடாது என்பது அங்கே முதல் விதி. ஜீவானந்தத்துக்குக் கிடைத்தது பரிசல்காரன் வேடம்.

இங்கே யாரும் முணுமுணுப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவதில்லை. ஒவ்வொருவர் பேச்சும் முழுசாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது. முதல் வாரம் அவருக்குப் பசிகூட எடுக்கவில்லை. பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எழுதவும் வந்தது. ஆனால் எழுதினால் நிறுத்த வரவில்லை. பாறைத்தூள் எந்த ஆழத்தில் சாம்பலாகிறது, எங்கே வெளுக்கிறது, எங்கே ஈரம் கோத்துச் சிவக்கிறது என்று பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணோடு ஆற்றைப் பார்த்தால் என்ன ஆகும்? அரசாங்கத் தூதன் ஒருவன் கொள்ளைக்காரர்கள் துரத்த ஓடி வந்து, “பரிசலை எடு, உயிர் போகிறது” என்று நிற்கிறான். பரிசல்காரனோ பரிசலின் மூங்கில் பிளாச்சை எப்படிப் பின்னியிருக்கிறார்கள், அடியில் பூசிய தார் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது, துறைக் கல்லில் பாசி எத்தனை நிறம் என்று பக்கம் பக்கமாகப் போகிறான். “ஜீவாண்ணன் பரிசலை எடுக்கறதுக்குள்ள கொள்ளைக்காரன் கல்யாணம் பண்ணிப் புள்ளகுட்டியே பெத்துருவான்” என்று ஒருத்தர் எழுதினார். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவரும் ஒன்று போட்டார்.

அவர் எழுதுவதை ஒரு வரி விடாமல் படித்தவர் நிலவன் ஒருத்தர்தான். மேட்டூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கதையில் அவர் உப்பு வணிகன். “அண்ணா, பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாதுங்க, வட்டம்தான். எங்கப்பா டேம்ல மீன் புடிக்கறவரு, அதனால சொல்றேன்” என்று ஒருமுறை தனியாக எழுதினார். இன்னொரு முறை, “நீங்க எழுதுன பாசியை எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். யாரோ பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்கன்னாரு” என்றார். ஜீவானந்தம் அன்று சாணைக்கல் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. குழுவை நடத்துகிற தனப்பிரியா ஒருநாள் தனியாகச் செய்தி அனுப்பினாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

“வர்ணனை வேண்டாம்னு சொல்லலீங்கண்ணா. ஒருத்தன் மூச்சு வாங்க வந்து நிக்கறப்ப நீங்க பாசியைப் பத்தி எழுதினா, அவன் எத்தனை நேரந்தான் நிப்பான்? கதை நகரணும். உங்களைப் படிக்க மட்டும் வெச்சுட்டு வேடத்தை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்றாங்க. எனக்கு மனசில்ல. கொஞ்சம் பாத்துக்குங்க.”

படிக்க மட்டும். அந்தச் சொல்லை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்து தலையாட்டிச் சிரிப்பவனாக இங்கேயும் ஆகிவிட வேண்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம். “சரிங்க அம்மிணி, இனி இழுக்க மாட்டேன்” என்று பதில் போட்டார்.

அடுத்த சில வாரங்கள் நிலவன் குழுப்பக்கம் வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும் என்று ஜீவானந்தம் நினைத்துக்கொண்டார். ஒருநாள் தனப்பிரியாவிடமிருந்து செய்தி வந்தது. “நாளைக்கு மத்தியானம் ஒரு காட்சி. உங்க பரிசல்காரனும் நிலவனோட வணிகனும் மட்டும். வணிகனோட அப்பா சத்திரத்துல இறந்துட்டாரு. உடம்பை அக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போகணும். நிலவனே கேட்ட காட்சி. நல்லபடியா செஞ்சு குடுங்கண்ணா.”

இதில் தேறிவிட்டால் வேடம் தங்கும் என்று ஜீவானந்தம் எடுத்துக்கொண்டார். மறுநாள் நிலவன் ஒரே வரி எழுதினார். “வணிகன் தன் தகப்பனாரின் உடலோடு துறைக்கு வந்து நிற்கிறான்.”

ரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துளை போட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் தூள் அடியில் படிந்து ராடு மாட்டிக்கொள்ளும். சோற்றைக்கூட ஆள் மாற்றித்தான் தின்பார்கள். இறங்கினால் ஒரே இறக்கு, முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த பாயிண்டுக்குப் போய்விட வேண்டும். இழுக்காதே என்று சொன்னதும் அந்த மனுசனுக்குத் தெரிந்த வேகம் அது ஒன்றுதான். அவர் இப்படி எழுதினார்:

“பரிசல்காரன் பெரியவரின் உடலை ஏற்றிக்கொண்டான். நடு ஆற்றில் வணிகன் தகப்பனின் முகத்தைப் பார்த்து ஓவென்று அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மனம் தேறினான். பரிசல் அக்கரை சேர்ந்தது. சிதை எரிந்து அடங்கியதும் வணிகன் பாரம் இறங்கியவனாகத் திரும்பி நடந்தான்.”

ஏற்றம், ஆறு, அழுகை, கரை, சிதை எல்லாம் ஒரே மூச்சில். விதி மீறிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்களுக்கும் உறைக்கவில்லை. இதுவரை கிண்டல் செய்தவர்கள் எல்லாம் இதயம் போட்டார்கள். “இதுதாண்ணா வேகம்” என்றார் ஒருத்தர். குழுவில் சேர்ந்ததிலிருந்து இத்தனை பாராட்டு அவருக்கு வந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது சாரதாமணிக்குப் பூ வாங்கிக்கொண்டு போனார்.

நிலவனிடமிருந்து பதில் இல்லை. மறுநாள் காலையில் குழுவில் ஒரு வரி கிடந்தது. நிலவன் வெளியேறிவிட்டார்.

“நிலவனுக்கு என்னங்க அம்மிணி ஆச்சு?” என்று தனப்பிரியாவிடம் கேட்டார்.

வெகுநேரம் அவள் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பிறகு வந்தது. “யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாருங்கண்ணா. அவங்கப்பா நெசமாவே இறந்துட்டாரு. ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் இருந்து இறந்தாரு. காரியமெல்லாம் முடிஞ்சும் நிலவனுக்கு அழுகையே வரலை. வீட்டுல யாருகிட்டயும் பேச முடியலை. ஜீவாண்ணன்கூட பரிசல்ல போறப்ப சொல்லிப் பாக்கறேன்னாரு. நீங்க அவரை அழ வெச்சு, கண்ணையும் தொடச்சு விட்டு, கரையிலயும் எறக்கிட்டீங்க. நானும் படிச்சுட்டு நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன். தப்பு என் மேலயும் இருக்கு.”

ஜீவானந்தம் போனைக் கவிழ்த்து வைத்தார். பாசியைப் படிக்கக் கேட்டு, யாரோ பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்ன அந்த மனுசன் போய்விட்டாரா? அவர் உடம்பையா நான் சரக்கை இறக்குவது போல அக்கரையில் தள்ளிவிட்டு வந்தேன்? அன்று சாணை பிடித்த பிட்டுகளில் பாதியை மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் சாரதாமணி அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜீவானந்தம் எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். நிலவனைப் பற்றி, அவர் அப்பாவைப் பற்றி, தனப்பிரியா எழுதியது, தான் எழுதியது, முன்னால் எழுதிய பாசி, தூதன், கொள்ளைக்காரன் எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தபோதுதான் அதைக் கவனித்தார். சாரதாமணி வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள், மூடினாள். பிறகு கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவர் பேச்சை நிறுத்தினார். “என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தறிப்பட்டறை இரைச்சலில் பெண்கள் உதட்டசைவிலேயே ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்ப்பவர்கள். அவளும் அதில் கெட்டிக்காரி. முகத்தை நேராக வைத்து, ஒவ்வொரு சொல்லாக, அவர் கண்ணுக்குத் தெரியும்படி சொன்னாள். “ஏனுங்க, நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்லீங்க. நிறுத்துனா நாங்க பேசுவோம். நாங்க பேசறது உங்களுக்குக் கேக்காது. அதுக்குப் பயந்துட்டுத்தான் பேசிட்டே இருக்கறீங்க.”

“இன்னொருக்கா சொல்லு.”

அவள் இன்னொரு முறை சொன்னாள். அவருக்கு முதல் தடவையே புரிந்திருந்தது. “எப்ப இருந்து இப்படி இருக்கறேன்?” என்று கேட்டார்.

“காது போனதுல இருந்துங்க.”

அதற்கு மேல் தன் பக்கம் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனது. அவள் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். “இந்தக் கையைத் தூக்கவே முடியலீங்க. தீவாளியில இருந்தே வலிதான்.” தீபாவளி போய்ப் பொங்கலும் போய்விட்டிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவருக்கு அது தெரியாது. கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அவர் ஆய ஆரம்பித்தார்.

மறுநாள் பட்டறையில் நிலவனுக்கு எழுத உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டு எழுதிய முதல் செய்தி திரை தாண்டிப் போனது. படித்துப் பார்த்தால் அதிலும் தன் பேச்சாகத்தான் இருந்தது. தன் காது, தன் வருத்தம், தன் வெட்கம். அழித்தார். குழுவில் அத்தனை பேர் இதயம் போட்ட அந்தப் பத்தியையும் தனப்பிரியாவிடம் கேட்டுக்கொண்டு அழித்தார். பிறகு நிலவனுக்கு இவ்வளவுதான் அனுப்பினார்: “நான் எழுதுனது தப்புங்க. அழிச்சுட்டேன். பரிசல் நடு ஆத்துலதான் நிக்குது. நீங்க எப்ப வந்தாலும் சரி.”

பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்கிறதா என்று கை அடிக்கடி அங்கே போய் வந்தது. இன்னொரு செய்தி அனுப்பினால் என்ன என்று மனம் அரித்தது. அனுப்பவில்லை. காத்திருப்பது இத்தனை கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. பேச்சின் நடுவே தான் காத்திருந்ததே இல்லையே.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது பை அதிர்ந்தது. நிலவன்தான். குழுவுக்குத் திரும்பவில்லை, தனியாகவே எழுதியிருந்தார்.

“வணிகன் பரிசலில் உட்கார்ந்திருக்கிறான்.”

ஜீவானந்தத்தின் விரல் திரைக்கு மேலே நின்றது. எழுதுவதற்கு எவ்வளவு இருந்தது! தண்ணீரின் நிறம், உடலின் மேல் போர்த்திய வேட்டி, கரையில் சிறுத்துத் தெரியும் சத்திரம். எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. ஒன்றும் எழுதாமல் விட்டால் அந்த மனுசனுக்கு உட்கார இடமிருக்காது. எல்லாவற்றையும் எழுதினால் பேச இடமிருக்காது. யோசித்து யோசித்து எழுதினார்: “பரிசல்காரன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். தண்ணீர் பரிசலின் அடியைத் தட்டிக்கொண்டிருக்கிறது.”

அதோடு நிறுத்தினார்.

பட்டறைக்கு ஆள் வந்தது, போனது. பிறகு வந்தது நிலவனின் செய்தி. “அப்பா கடைசியில் எதையோ கேட்டார். வாயில் குழாய் இருந்தது. கையால் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். எனக்குப் புரியவில்லை.”

ராஜாக்கள் காலத்துச் சத்திரத்தில் வாயில் குழாய் ஏது. ஜீவானந்தம் அதைக் கேட்கவில்லை. “பரிசல்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான்” என்று மட்டும் எழுதினார்.

அடுத்தது கதைத் தமிழில்கூட வரவில்லை. “சரிப்பா, சரிப்பான்னு தலையாட்டினேன்ணா. புரிஞ்ச மாதிரியே தலையாட்டினேன். எனக்குப் புரியலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் ஜில்லாவிலேயே ஜீவானந்தத்தைப் போல வேறு யாரும் இருக்க முடியாது. தலையாட்டுகிறவனும் அவர்தான், மற்றவர்கள் தலையாட்டி அனுப்பிவிடுகிற ஆளும் அவர்தான். பொய்யாக ஆடும் தலையை எதிரில் இருப்பவன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான். தெரிந்திருக்காதுங்க, நிம்மதியாகத்தான் போயிருப்பார் என்று எழுதிவிட்டால் எவ்வளவு சுலபம். அதையும் ஒருமுறை எழுதிப் பார்த்தார். அது அக்கரைக்குத் தள்ளிவிடுகிற வேலை. அழித்தார்.

“தெரிஞ்சிருக்குமுங்க” என்று அனுப்பினார்.

ஆறுதலாக நாலு வார்த்தை சேர்த்தால் என்ன என்று விரல் நுனி வரை வந்தது. சேர்க்கவில்லை. நிலவன் எழுதுவதும் நிறுத்துவதும் திரையில் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. நிரப்பிவிடு, நிரப்பிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஜீவானந்தம் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முதலாளி தூரத்திலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். வருகிறேன் என்று இவரும் கையைக் காட்டினார். எழுந்திருக்கவில்லை.

“அதுக்கப்புறமும் அவரு என் கையை விடலைண்ணா” என்று வந்தது. “புரியலைன்னு தெரிஞ்சும் விடலை. காட்டறதை நிறுத்திட்டு, சும்மா புடிச்சுட்டே இருந்தாரு.”

ஜீவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தான் எதைச் சொல்லியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. இது நிலவனிடம் மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. “வணிகன் அழுகிறான்.”

ஜீவானந்தம் பதில் எழுதவில்லை. பரிசலை நகர்த்தவும் இல்லை. வெயில் இறங்கிப் பட்டறை வாசலைத் தாண்டிப் போனது. சாணை பிடிக்க வேண்டிய பிட்டுகள் அப்படியே கிடந்தன. அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தது. “அண்ணா, இப்ப கரைக்கு விடுங்க.”

பரிசல்காரன் துடுப்பை எடுத்தான் என்று எழுதி அனுப்பிவிட்டு, அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.